பட்டினி முகாமின் சயின்ஸ் மேடம்

கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலில் சோறு போட்டுக் காசு வாங்கும் விடுதிகள் நிறைய உண்டு. சோறு போடாமல் காசு வாங்கிய விடுதி முகேஷுடையது ஒன்றுதான். வயிறு காய்ந்து உட்கார்ந்திருக்கும் விருந்தாளிகளிடம், அப்படிக் காய்வது உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று தினமும் சாயங்காலம் அறிவியல் முறைப்படி எடுத்துச் சொல்வதுதான் அங்கே தேவசேனாவின் வேலை.

தேவசேனா பழனி அடிவாரத்துப் பெண். அப்பா பழனிமுத்து பக்தர்களுக்குச் சாமி படமும் பாசிமணியும் விற்கிற கடை வைத்திருந்தார். மகள் மதுரையில் நுண்ணுயிரியல் படித்தாள். அதோடு நிற்காமல் ஆராய்ச்சிக்கும் சேர்ந்தாள். உடம்புக்குள் பாக்டீரியா புகும்போது ஒரு செல் தன்னை எப்படிக் காத்துக்கொள்கிறது என்பதுதான் ஆராய்ச்சி. செல் தனக்குள் கிடக்கும் பழுதான பாகங்களையும் உள்ளே புகுந்த கிருமியையும் ஒரு பைபோலச் சுற்றி வளைத்து, செரித்துத் தீர்த்துவிடும். அதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயர். தமிழில் தன்னுண்ணல் என்பார்கள். இதை நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்தே அவளுக்கு முப்பது வயது தாண்டியது. பிறகு உதவித்தொகை நின்றது. வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெற்றார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு மீன் வளர்ப்பில் மட்டும்தான் ஆர்வம். தேவசேனா பாதியில் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள்.

அடிவாரத்தில் அவளை டாக்டருக்குப் படித்த பிள்ளை என்றுதான் சொல்லி வைத்திருந்தார்கள். சளிக்கும் இடுப்பு வலிக்கும் மாத்திரை கேட்டு வந்தார்கள். தான் அந்த டாக்டர் இல்லை என்று அவள் சொன்னதும், பரீட்சையில் தவறிவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை, "கிருமியோட பழகுனவங்க, வீட்டுக்குள்ள ஒட்டிக்காதுல்ல?" என்று கேட்டான். தேவசேனா காப்பித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "ஒங்க வாயில இருக்குற கிருமிய விடவா?" என்றாள். அந்தச் சம்பந்தம் அங்கேயே முடிந்தது. யாரைப் பார்த்தாலும் ஒரு பக்க உதடு சுழிகிற பழக்கம் அவளுக்கு அப்போதே வந்துவிட்டது. அந்தச் சுழிப்புக்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் சுழித்துக்கொண்டே இருக்கும் உதட்டுக்குச் சோறு யார் போடுவார்கள்?

முகேஷ் போட்டான். அவன் ஒட்டன்சத்திரம் காய்கறிக் கமிஷன் மண்டிக் குடும்பம். மண்டியில் வெங்காய வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்று மலையேறியவன். கொடைக்கானலில் வீட்டுத் தயாரிப்புச் சாக்லேட் விற்றான், அது சிவகாசியிலிருந்து வந்தது. யூகலிப்டஸ் தைலம் விற்றான், அதில் மண்ணெண்ணெய் நாற்றம் அடித்தது. கடைசியில் ஏதோ ஒரு வீடியோவில், செல் தன்னைத் தானே தின்பதைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு கொடுத்தார்கள் என்று பார்த்தான். அந்த ஆராய்ச்சி நடந்தது ஈஸ்ட்டில் என்ற விவரம் வருவதற்குள் வீடியோவை நிறுத்திவிட்டு, வட்டக்கானல் சரிவில் ஒரு பழைய விடுதியைக் குத்தகைக்கு எடுத்துவிட்டான்.

வேலை கேட்டுப் போன அன்று அவன் அவளுடைய சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"மேடம், நீங்க ஆட்டோஃபேஜியிலயே டாக்டரேட்டா?"

"முடிக்கல சார்."

"முடிச்சா என்ன, முடிக்காட்டி என்ன? கெஸ்ட்டுக்கா தெரியப்போவுது? சயின்ஸ் மேடம்னு போர்டு போட்டுருவோம். வெள்ளக் கோட்டு வச்சிருக்கீங்கல்ல?"

வைத்திருந்தாள். பீரோவில் மடித்து வைத்திருந்த ஆய்வகக் கோட்டை எடுத்துத் துவைத்து, இஸ்திரி போட்டு, மலைக்குக் கொண்டுவந்தாள். தங்க அறை கொடுத்தார்கள். ஊழியர்களுக்கு மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பாடு. பட்டினியின் பெருமையைப் பேச அவள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போவாள்.

அவள் வகுப்பில் பொய் கிடையாது. அதில் அவள் கறாராக இருந்தாள். தைப்பூசம் முடிந்த மறுநாள் பழனி அடிவாரம் எப்படிக் கிடக்கும் என்று ஆரம்பிப்பாள். துப்புரவுப் பணியாளர்கள் வெள்ளனே வந்து அள்ளிவிட்டால் தெரு தெருவாக இருக்கும். அள்ளாமல் விட்டால் எவனாவது ஒருவன் அந்தக் குவியலில் தீயை வைப்பான். புகையில் குப்பை போட்டவனும் இருமுவான், போடாதவனும் இருமுவான். செல்லுக்குள்ளும் அப்படித்தான் என்பாள். கிருமி புகுந்தால் செல்லின் பாகங்கள் உடையும். உடைந்ததை உடனே அள்ளிவிட்டால் பிரச்சினை இல்லை. அப்படியே கிடந்தால் அதுவே அபாய மணியாகி, உடம்பு அழற்சியைக் கிளப்பிவிடும். அழற்சி அளவோடு இருந்தால் கிருமியைக் கொல்லும். அளவு மீறினால் ஆளைக் கொல்லும். தன்னுண்ணல்தான் அதை அளவுக்குள் நிறுத்தும் வேலைகளில் ஒன்று. பசிக்கும்போது செல்லில் இந்த வேலை கூடுகிறது என்று பல ஆராய்ச்சிகள் சொல்கின்றன.

இவ்வளவும் சரி. இதற்குப் பிறகு முகேஷ் எழுந்து மைக்கை வாங்குவான். "ஸோ, சயின்ஸே சொல்லிருச்சு. மூணு வாரம் நம்மகிட்ட இருந்தீங்கன்னா ஒரு கிருமி ஒங்க பக்கத்துல வராது!" விருந்தாளிகள் கைதட்டுவார்கள். தேவசேனா குனிந்து புரொஜக்டர் வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பாள். ஆராய்ச்சிகள் பெரும்பாலும் எலியிலும் கண்ணாடித் தட்டிலும் நடந்தவை, காய்ச்சல்காரரைப் பட்டினி போட்டுக் குணப்படுத்தலாம் என்று எந்த ஆராய்ச்சியும் சொல்லவில்லை என்பதை அவளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது தன் சோலி இல்லை என்று அவள் தனக்குள் ஒரு சட்டம் வைத்திருந்தாள். வசதியான சட்டம்.

முகாமில் காலையில் இன்னொரு சடங்கு உண்டு. வெறுங்காலோடு விடுதிக்குப் பின்னால் இருக்கும் புல் சரிவில் நடந்து, சோலைக் காட்டின் ஓரத்துப் புதர்களுக்கு நடுவே மல்லாந்து படுக்க வேண்டும். பூமியோடு இணைவதாம். ஐப்பசி மழை விட்ட கையோடு அந்தப் புல்லில் என்ன இருக்கும் என்று தேவசேனாவுக்குத் தெரியும். ஒருமுறை முகேஷிடம் சொன்னாள்.

"சார், மழைக்கு அப்புறம் புதர்ல உண்ணி இருக்கும். கடிச்சா காய்ச்சல் வரும். ஷூ போட்டு நடக்கட்டும், படுக்க வேணாம்."

"ஷூ போட்டா எர்த் எப்படி மேடம் கனெக்ட் ஆகும்?"

அவள் உதட்டைச் சுழித்துவிட்டு நகர்ந்துவிட்டாள். முட்டாளிடம் இரண்டாவது தடவை பேசுவது தன் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தாள்.

அந்தத் தடவை வந்த கூட்டத்தில் சண்முகவள்ளி என்று ஒரு அம்மாள் இருந்தார். திண்டுக்கல்லில் பாத்திரக் கடைக்குச் சொந்தக்காரர். அறுபதை நெருங்கும் வயது. நல்ல கனத்த சரீரம், அதைவிடக் கனத்த குரல். வந்த அன்றே எல்லோருக்கும் தன் பித்தப்பைக் கல்லின் வரலாற்றைச் சொல்லி முடித்தார். தேவசேனாவின் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "ஆமா, ஆமா, எனக்கும் அப்படித்தான்" என்பார். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா பழுதாவதைப் பற்றிச் சொன்னபோதும் அவருக்கு அப்படித்தான் இருந்தது. இரண்டாவது வாரம் அவர் கட்டிலுக்கு அடியில் ஒரு டப்பா முறுக்கு இருந்ததை அறை பெருக்கும் பாண்டீஸ்வரி பார்த்துவிட்டுச் சமையலறையில் சொல்ல, ஊழியர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது தேவசேனாதான்.

மூன்றாவது வாரம் சண்முகவள்ளிக்குக் காய்ச்சல் வந்தது. தலைவலி, குளிர், மேலெல்லாம் அடித்துப் போட்டது போன்ற வலி. முகேஷ் அன்று சாயங்காலம் மைக்கைப் பிடித்து, "இதுக்குப் பேர் ஹீலிங் ஃபீவர். உள்ள இருக்குற கழிவெல்லாம் எரிஞ்சு வெளிய போவுது. அம்மாவுக்கு ஒரு கிளாப்ஸ் குடுங்க!" என்றான். காய்ச்சல் வந்ததற்குக் கைதட்டினார்கள். பெங்களூரிலிருந்து வந்த ஒருவன் தனக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று கவலையோடு கேட்டான். சண்முகவள்ளி சால்வையைப் போர்த்திக்கொண்டு, பரிசு வாங்கிய பிள்ளை மாதிரி நடுங்கிக்கொண்டே சிரித்தார்.

தேவசேனா கடைசி வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஊசிப்போன முறுக்கைத் தின்றிருக்கும் இந்த அம்மாள் என்று நினைத்தாள். மறுநாளும் காய்ச்சல் இருந்தது. நடிப்பு, பட்டினியிலிருந்து தப்பிக்க வழி தேடுகிறார் என்று நினைத்தாள். அதற்கு மறுநாள் வகுப்புக்கு வரவில்லை. முதல் வரிசை அமைதியாக இருந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட ஏற்பட்டது. உண்ணியைப் பற்றித் தானே எச்சரித்தவள், பாக்டீரியாவோடு வருடக்கணக்கில் குடித்தனம் நடத்தியவள், எதிரே கிடந்த காய்ச்சலைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளைப் பார்த்தால் அவளுக்கு இளப்பம் மட்டும்தான் தெரிந்தது.

நான்காம் நாள் காலை பாண்டீஸ்வரி வந்து, "மேடம், அந்தத் திண்டுக்கல் அம்மா பேசவே மாட்டேங்குறாங்க" என்றாள். அந்த வாக்கியம்தான் தேவசேனாவைத் தூக்கிவாரிப் போட்டது. வாயை மூடாத மனுஷி பேசவில்லை.

அறைக்குள் போனாள். சண்முகவள்ளி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கண் சிவந்து, முகம் உப்பி, மூச்சு மேலும் கீழும் வாங்கிக்கொண்டிருந்தது. தேவசேனா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அடுப்புக் கல்லைத் தொட்ட மாதிரி இருந்தது.

"அம்மா, எந்திரிங்க. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"வேணாம்மா. இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. கலைச்சிட்டா எல்லாம் வீணாப் போயிரும்."

"எது வீணாப் போவும்?"

"நீதானம்மா சொன்ன? பசி கெடந்தா செல்லு கிருமியத் தின்னுரும்னு? தின்னுக்கிட்டு இருக்கு. இப்பப் போயி சோத்தப் போட்டா நின்னுருமில்ல?"

 ஊரே தேவசேனாவின் பேச்சைக் கேட்காமல் இருந்த வருடங்கள் போக, முதல் தடவையாக ஒருவர் அவள் சொன்னதை முழுசாக நம்பியிருக்கிறார். அது இந்தக் கோலத்தில் வந்து கிடந்தது.

"சொன்னேன்மா. மிச்சத்தச் சொல்லாம விட்டுட்டேன்."

"அதென்ன மிச்சம்?"

"எல்லாக் கிருமியும் அதுல மாட்டாது. சிலது பை மூடுறதுக்குள்ள வெளிய வந்துரும். உண்ணி கடிச்சு வர்ற காய்ச்சல்ல அப்படி ஒரு கிருமி இருக்கு. ரத்தக் குழாயோட உள்சுவர்ல இருக்குற செல்லுக்குள்ள போயி உக்காந்து, அங்கயே பெருகும். நீங்க பட்டினி கெடந்தா அதுவும் பட்டினி கெடக்கும்னு நெனைக்காதீங்க. அது ஒங்க செல்லுக்குள்ள நல்லாச் சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்கும்."

"அப்ப அந்தக் குப்பை அள்ளுறது?"

"அள்ள முடியாத அளவுக்குச் சேர்ந்துபோச்சும்மா. ஒடம்பு முழுக்க அழற்சி கெளம்பிருச்சு. அதான் இப்படி மூச்சு வாங்குது. ரத்தக் குழாய் ஒழுக ஆரம்பிச்சா நுரையீரல்ல தண்ணி கோத்துரும். மாத்திர போட்டாத்தான் அடங்கும். வெரசா எந்திரிங்க."

சண்முகவள்ளி, "இத மொதல்லயே வகுப்புல சொல்லியிருந்தா என்ன?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மறுத்துப் பேசத் தெம்பில்லை.

தேவசேனா வெளியே வந்தாள். முகேஷ் வாசலில் இஞ்சித் தண்ணீர்க் குடுவைகளை வரிசையாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"சார், வண்டி வேணும். சண்முகவள்ளி அம்மாவ ஜி.எச். கொண்டுபோவணும். உண்ணிக் காய்ச்சலா இருக்கும்னு நெனைக்குறேன்."

"மெதுவா, மெதுவா மேடம். கெஸ்ட் காதுல விழப்போவுது. இங்க ஆம்புலன்ஸ் வந்து நின்னா ரிவ்யூ என்ன ஆவும்?"

"செத்துப்போனா ரிவ்யூ என்ன ஆவும்?"

முகேஷ் உண்மையிலேயே யோசித்தான். அதைத்தான் அவளால் பின்னாளில் மறக்க முடியவில்லை. இரண்டையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, "சாயங்காலம் வரைக்கும் பாப்போம். எலக்ட்ரோலைட் குடுங்க" என்றான்.

கீழே டால்ஃபின் நோஸ் பாறைமுனைக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிவரும் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்குத் தேவசேனா ஓடினாள். நாகராஜ் என்பவன் வண்டியில்தான் ஊழியர்கள் டவுனுக்குப் போய்வருவார்கள். அவன் சவாரிக்காகப் பேரம் பேசிக்கொண்டிருந்தான்.

"நாகராஜ், ஒரு சீரியஸ் கேஸ். ஏறு, போவோம்."

"ஒங்க மொதலாளி சொன்னாரா மேடம்?"

"சொல்லல."

"அப்ப நெசமாவே சீரியஸ்தான்" என்று அவன் வண்டியை எடுத்தான்.

பாண்டீஸ்வரியும் தேவசேனாவும் ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு படிக்கட்டில் இறக்கினார்கள். விருந்தாளிகள் பார்த்தார்கள். பெங்களூர்க்காரன், "ஹீலிங் முடிஞ்சுதா?" என்று கேட்டான். பதில் சொல்ல யாருக்கும் கை ஒழியவில்லை. வட்டக்கானல் மேட்டில் மூடுபனி. எதிரே வந்த வேன்களுக்காக ஒவ்வொரு வளைவிலும் ஜீப் பின்னால் நகர்ந்து ஒதுங்க வேண்டியிருந்தது. சண்முகவள்ளி தேவசேனாவின் தோளில் சாய்ந்து, பித்தப்பையைப் பற்றி என்னவோ முனகிக்கொண்டு வந்தார்.

கொடைக்கானல் அரசு ஆஸ்பத்திரியில் லாவண்யா என்ற இளம் டாக்டர் பணியில் இருந்தார்.

"எத்தன நாளாக் காய்ச்சல்?"

"நாலு நாள்."

"நாலு நாளா என்ன பண்ணீங்க?"

"பட்டினி கெடந்தாங்க."

"எதுக்கு?"

"காசு குடுத்துத்தான் கெடந்தாங்க டாக்டர்."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஜீப்புக்கு ஓடும்போது கழற்ற மறந்த வெள்ளைக் கோட்டையும் பார்த்தார். "நீங்க யாரு?" என்றார். தேவசேனா, "அங்க வேல பாக்குறேன்" என்று மட்டும் சொன்னாள்.

சேலைக் கட்டைத் தளர்த்திப் பார்த்தபோது இடுப்பில், பாவாடை நாடா அழுத்தும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போன்ற ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. உண்ணி கடித்த தடம், வலிக்காத புண். இவ்வளவு நாள் அங்கேயே இருந்திருக்கிறது. சிகிச்சையை உடனே ஆரம்பித்தார்கள். டாக்ஸிசைக்ளின் மருந்து, ஆக்ஸிஜன், நரம்பில் திரவம். ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தன. சிறுநீரகமும் லேசாகத் திணறியிருந்தது. "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தீங்கன்னா நான் உங்களத் திட்டுறதுக்குக்கூட அவசியம் இருந்திருக்காது" என்று டாக்டர் திட்டினார். தேவசேனா முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டாள்.

மருந்து ஏறி இரண்டாவது நாளே காய்ச்சல் இறங்கியது. மூச்சு சீரானது. சண்முகவள்ளி கண் விழித்ததும் இட்லி கேட்டார். பிறகு பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம் பித்தப்பைக் கல்லைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

திண்டுக்கல்லிலிருந்து மகன் சந்தோஷ்குமார் காரில் வந்து இறங்கியிருந்தான். வந்தவுடன் ஏன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை என்று வராந்தாவில் கத்தினான். குணமானதும் ஏ.சி. இல்லையே என்று குறைப்பட்டான். அவனுக்குப் பின்னாலேயே முகேஷ் ஒரு கூடை பழத்தோடு வந்தான். பட்டினி முகாமின் முதலாளி கையில் பழக்கூடை! தேவசேனா இதற்காகத்தான் காத்திருந்தாள். மகன் இவன் சட்டையைப் பிடிப்பான், போலீஸ் வரும், முகாமுக்குப் பூட்டுப் போடுவார்கள் என்று மனதுக்குள் ஒரு நாடகமே நடத்தி வைத்திருந்தாள்.

சட்டையைப் பிடிக்கத்தான் செய்தான். முகேஷ் அசரவில்லை. குரலைத் தாழ்த்தி, வருத்தத்தோடு, "சார், நான் மார்க்கெட்டிங் ஆளு. எனக்கு என்ன சயின்ஸ் தெரியும்? பசி கெடந்தா கிருமி அழியும்னு கிளாஸ் எடுத்தது இந்த மேடம்தான்" என்றான்.

சந்தோஷ்குமார் அவள் பக்கம் திரும்பினான். "நீங்கதானா? எங்கம்மா சொன்னாங்க. மேடம் சொன்னாங்க, மேடம் சொன்னாங்கன்னு போன்ல அதே பாட்டு. படிச்சவங்கதான நீங்க?"

"நான்தான் தம்பி இவங்களக் கூட்டிட்டு வந்தேன்."

"கூட்டிட்டு வந்தது சரி. படுக்க வச்சதும் நீங்கதான?"

முகேஷைக் கிழித்துத் தொங்கவிட அவளிடம் நூறு வார்த்தைகள் இருந்தன. ஷூ போடச் சொன்னது, வண்டி கேட்டது, ரிவ்யூ என்று அவன் தயங்கியது. எல்லாம் உண்மை. ஆனால் இந்தப் பையன் கேட்ட கேள்விக்கு அவற்றில் ஒன்றும் பதில் இல்லை. "ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள். கட்டிலிலிருந்து சண்முகவள்ளி, "ஏலே, அந்தப் பிள்ளைய விடுறா" என்றார். பையன் விட்டான். முகேஷ் விடவில்லை. மறுநாளே அவள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்துவிட்டான்.

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பச் சிரமமாக இருக்கும். அம்மா கட்டிய பணத்தை முகேஷ் சந்தோஷ்குமாருக்குத் திருப்பித் தந்தான். குடும்பத்துக்கே இலவசமாக ஒரு வாரம் என்றான். பாத்திரக் கடைக்காரனுக்கு அந்த வியாபாரத்தின் லட்சணம் சட்டென்று பிடிபட்டது. விருந்தாளிக்கென்று அரிசி வாங்க வேண்டாம், சமையல்காரன் வேண்டாம், பாத்திரம்கூட வேண்டாம், காசு மட்டும் வருகிறது. "கான்செப்ட் நல்லாத்தான் இருக்கு. எக்ஸிக்யூஷன்லதான் கோளாறு" என்று சொல்லி மூன்றே மாதத்தில் பங்குதாரர் ஆகிவிட்டான். சண்முகவள்ளி ஒரு வீடியோவில் வந்து, ஆஸ்பத்திரி மாத்திரை ஒரு துணைக்குத்தான், பட்டினியால் செல் ஏற்கெனவே சுத்தமாக இருந்ததால்தான் பிழைத்தேன் என்று சொன்னார். அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை, அப்படியேதான் நம்பினார்.

தேவசேனா புகார் எழுதினாள். மாவட்டத்திலிருந்து ஒருவர் விசாரிக்க வந்தார். புல் சரிவைப் பார்த்தார். பாத மசாஜ் செய்துகொண்டார். தேன் நெல்லிக்காய் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு இறங்கிப்போனார். இப்போது விருந்தாளிகள் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுக்கிறார்கள். அந்தச் சாக்ஸும் முகேஷ் விற்பதுதான்.

அடிவாரத்துக்குத் திரும்பிய தேவசேனாவை, "மலையில இருந்தும் வெரட்டிட்டாங்களாம்" என்று வரவேற்றார்கள். அப்பா பாசிமணி கோக்க ஊசியும் நூலும் எடுத்துக் கொடுத்தார். மார்கழி வரை கோத்தாள். சபரிமலைக்குப் போகிற வழியில் கடைக்கு வந்த ஒரு சாமி, காய்ச்சலோடு விரதம் இருக்கலாமா என்று எதற்கோ கேட்டபோது, அவள் போட்ட சத்தத்தில் அவர் மாலை வாங்காமலே ஓடிப்போனார்.

பிறகு சுகாதாரத் துறையில் மேல்மலைக் கிராமங்களில் காய்ச்சல் கணக்கெடுக்கத் தற்காலிக ஆட்கள் எடுத்தார்கள். வீடு வீடாகப் போய் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்டு, இருந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். நுண்ணுயிரியல் படித்தவர் தேவையில்லை, பத்தாவது போதும். தேவசேனா சேர்ந்தாள். சம்பளம் முகாமில் வாங்கியதில் பாதிகூட இல்லை.

போன தை மாதம் கவுஞ்சி என்ற ஊரில் பூண்டு வயலில் பாப்பம்மாள் என்ற பெண் வரப்பில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். தேவசேனா போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காது மடலுக்குப் பின்னால், கக்கத்தில், இடுப்பில் என்று தேடினாள். கழுத்தின் பின்பக்கம், கொண்டைக்குக் கீழே கறுத்த பொருக்கு இருந்தது.

"காய்ச்சல் எப்பருந்து?"

"அது கெடக்கு. நீ யாரு, டாக்டரா?"

"இல்ல."

"அப்பப் பேசாமப் போ. களை கெடக்கு. ஆளு இல்ல."

"எந்திரிங்கக்கா. வண்டி நிக்குது."

"எதுக்குப் போவணும்னு சொல்லு மொதல்ல. ஒடம்புக்குள்ள என்னமோ பண்ணுதா?"

தேவசேனாவிடம் அதற்கு ஒரு மணி நேர வகுப்பு இருந்தது. படங்களோடு இருந்தது. "பண்ணுது. மாத்திர சாப்பிட்டா நிக்கும். சாப்பிடாட்டி செத்துப்போவீங்க" என்றாள்.

"இப்படியா மூஞ்சிக்கு நேரா சொல்லுவாக?" என்று பாப்பம்மாள் கோபித்துக்கொண்டாள். ஆனால் எழுந்தாள். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த லாரியின் முன் இருக்கையில் அவளை ஏற்றி உட்கார வைத்து, தேவசேனாவும் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கொடைக்கானல் வந்து சேரும் வரை பாப்பம்மாள் திட்டிக்கொண்டே வந்தாள். அரைநாள் கூலியைக் கெடுத்தவள் என்றாள். சர்க்காரில் சும்மா சம்பளம் வாங்கும் கூட்டம் என்றாள். சேலை கட்டியிருக்கும் அழகைப் பார் என்றாள். லாரிக்காரன் சிரித்தான். தேவசேனா அவள் பேச்சு நிற்கிறதா என்று மட்டும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, தன் உதடு சுழிவதைக்கூடக் கவனிக்காமல், தன் பையிலிருந்த கஞ்சிப் புட்டியை எடுத்துத் திறந்து நீட்டினாள்.